மழைத்துளி பேசினால் அது கதையா, அறிவியலா? நான்காம் வகுப்பில் வாசிப்பு வகைகளைப் பிரித்துப் பார்க்கக் கற்பித்தல்

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

பண்ருட்டிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் சேர்த்து நடத்துகிறேன். வாசிப்பு வகைகளைக் கற்பிக்கும்போது எழுந்த ஒரு சிக்கலை உங்கள் முன் வைக்கிறேன்.

கைக்கு வந்த செயல்தாள் ஒன்றில் ஆறு சிறு பத்திகள் இருந்தன. ஒவ்வொன்றும் கதையா, கட்டுரையா, கடிதமா, பாடலா, அறிவிப்பா, செய்முறையா என்று பிள்ளைகள் எழுத வேண்டும். ஐந்து பத்திகள் தடங்கலின்றி முடிந்தன. ஆறாவதில் ஒரு மழைத்துளி தன் வரலாற்றைத் தானே சொல்கிறது. கடலில் கிடந்ததாம், வெயில் ஏறியதும் ஆவியாகி மேலே போனதாம், அங்கே குளிர்ந்து, தூசித் துகள் ஒன்றைப் பற்றிக்கொண்டு துளியாகி, கூட்டாளிகளோடு மேகமாகத் திரிந்து, கடைசியில் ஒரு முந்திரித் தோப்பில் விழுந்ததாம்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "துளி எங்காவது பேசுமா? பேசாதது பேசினால் அது கதைதான்" என்றது ஒரு கட்சி. "இதில் வருவதெல்லாம் அறிவியல் பாடத்தில் இருக்கிறது, பொய் எதுவும் இல்லை, அப்புறம் எப்படிக் கதை?" என்றது மறு கட்சி. மணி அடிக்கும்வரை வாதம் ஓயவில்லை. விடைக் குறிப்பில் "கதை" என்று ஒரே சொல்தான் இருக்கிறது. மறு கட்சிப் பிள்ளைகளின் தாளில் தவறு என்று போட எனக்குக் கை வரவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தில் என்ன பிழை?

விலங்கு பேசினால் கதை, எண்கள் வந்தால் கட்டுரை, வரி மடங்கி வந்தால் பாடல் என்று அடையாளம் சொல்லிக் கொடுப்பது எளிது. பிள்ளைகளும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் எனக்கு நிறைவில்லை. ஒரு பக்கத்தைக் கையில் எடுத்ததும் இதை எப்படிப் படிக்க வேண்டும், இதனிடம் என்ன கேட்கலாம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வகை அதற்காகத்தான் என்று நம்புகிறேன். நீங்கள் எப்படிக் கற்பிக்கிறீர்கள்?

செம்மண் வட்டாரம்

வணக்கம் டீச்சர். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம் என்பேன். முதலில் பெயர், அடுத்து அடையாளம், விதிவிலக்கு கடைசியில்தான். நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை நான் போகும் பள்ளிகளில் எல்லாம் பார்க்கிறேன். "அன்புள்ள" என்று தொடங்கினால் கடிதம் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பிடிமானம். கொடுத்த கையோடு "எப்போதும் அப்படி இல்லை" என்றால் அது எதையும் நம்பாமல் உட்கார்ந்துவிடும். மழைத்துளியைக் கதை என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. நம் தொடக்க வகுப்புகளில் வாசிப்பு என்றாலே கதை என்று ஆகிவிட்டது. பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அறிய வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ஏசர் கணக்கெடுப்பின் வாசிப்புத் தாளைப் பாருங்கள்: எழுத்து, சொல், சிறு பத்தி, அதற்கு மேல் உச்சப்படியாகக் கதை. இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கமும் அல்ல. அமெரிக்காவில் நெல் டியூக் என்ற ஆய்வாளர் 20 முதல் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். தகவல் தரும் எழுத்தோடு அந்த வகுப்புகள் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடம்! நான்காம் வகுப்பு மாணவர்களுக்காகப் பல நாடுகளில் 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பிர்ல்ஸ் தேர்வோ பாதியை இலக்கிய வாசிப்புக்கும் பாதியைத் தகவல் வாசிப்புக்கும் ஒதுக்குகிறது.

ஒப்பிட வேண்டுமானால் இரண்டு வகையும் பிள்ளையின் கைக்கு வந்திருக்க வேண்டும். கதை மட்டுமே படித்து வளர்ந்த பிள்ளை எதை எதோடு ஒப்பிடும்?

தரம் நான்கு

யாழ்ப்பாணத்தில் தரம் 4 கற்பிக்கிறேன். செம்மண் ஐயா கடைசியில் சொன்னதை முழுதாக ஏற்கிறேன்; முதலில் சொன்னதை ஏற்க முடியவில்லை. நான் ஒப்பிடலிலிருந்தே தொடங்குவேன். பெயர் பின்னால் வரட்டும்.

ஒரே பொருளைப் பற்றிய இரண்டு எழுத்துகளை அருகருகே வைப்பதுதான் என் வழி. பொருள் ஒன்றாக இருந்தால், அந்த எழுத்து என்ன வேலை செய்கிறது என்பதன் மேல் மாணவரின் கவனம் தானாகப் போகிறது. சென்ற தவணையில் ஆமையை எடுத்துக்கொண்டோம். ஒரு தாளில் எல்லோருக்கும் தெரிந்த ஆமை முயல் ஓட்டப் பந்தயம். மற்றத் தாளை நானே எழுதினேன். இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடும். தாய் ஆமை இரவில் கரையேறிக் குழி தோண்டும்; நூறு அளவில் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடுதலாகப் பிறக்கும். இவ்வளவுதான் அந்தத் தாள்.

"எந்தத் தாளை நடுவிலிருந்து படித்தாலும் விளங்கும்?" என்று கேட்டேன். கடலாமைத் தாள் என்றார்கள். "எதைப் படித்ததும் இது சரியா என்று வேறு புத்தகத்தில் பார்க்கத் தோன்றுகிறது?" அதற்கும் கடலாமைத் தாள். "எதை இன்னொருவருக்குச் சொல்லும்போது முடிவை ஒளித்து வைப்பீர்கள்?" முயல் தாள் என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அப்போது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "இதில் வருவது ஒரு ஆமை, அதில் வருவது எல்லா ஆமையும்" என்றாள். நான் அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அதைப் பலகையில் எழுதினேன்.

அந்த வேறுபாடு நம் வினைச்சொற்களிலேயே இருக்கிறது. கதை ஆமை நடந்தது, களைத்தது, வென்றது. கடலாமை கரையேறும், தோண்டும், திரும்பும். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வது கதை. எப்போதும் நடப்பதைச் சொல்வது தகவல். ஆசிரியை, உங்கள் மழைத்துளிக்கு இதையே ஒரு சோதனையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் வினையை மாற்றுங்கள். "ஆவியாகி மேலே போனேன்" என்பது "நீர் ஆவியாகி மேலே போகும்" என்று ஆகட்டும். வரி விழாமல் நிற்கிறதா? நின்றால் அது தகவல். "ஆமை முயலை வெல்லும்" என்று எழுதிப் பாருங்கள், நிற்காது. "முந்திரித் தோப்பில் விழும்" என்பதும் நிற்காது, மழை எல்லா இடத்திலும்தானே விழுகிறது! அந்த வரிகள் மட்டும் கதை.

நூலகத்திண்ணை

வினையை மாற்றும் சோதனை அருமை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த வாரமே செய்யப்போகிறேன்.

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய நூலகம் எங்களுடையது. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வருகின்றன. பிள்ளைகளுக்கு அந்தப் படியேற்றத்தில் நல்ல பெருமை. எங்களிடம் உள்ள மற்றப் புத்தகங்களையும் அதேபோல அடுக்கத் தொடங்கினோம். ஆனால் படி என்பது கடினத்தைத்தான் சொல்கிறது. "நட" தட்டில் ஒரு நரிக் கதையும் எறும்புகளைப் பற்றிய ஒரு சிறு நூலும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். ஆகவே ஒரு தட்டை மட்டும் காலி செய்து, உங்கள் விருப்பப்படி அடுக்குங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டோம். கதை, கட்டுரை என்ற சொற்களே வரவில்லை. "செய்து பார்க்க", "தெரிந்துகொள்ள", "இரவில் படிக்க", "சேர்ந்து பாட" என்று சீட்டு எழுதி ஒட்டினார்கள். துளிர் இதழ்கள்தான் அவர்களைத் திணறடித்தன. 1987 முதல் வரும் அறிவியல் இதழ் அது. ஓர் இதழுக்குள்ளேயே கட்டுரையும் கதையும் செய்துபார்க்கும் சோதனையும் புதிரும் இருக்கும். கடைசியில் ஒரு பெண் ஒவ்வொரு இதழிலும் பக்கத்துக்குப் பக்கம் சீட்டு வைத்துவிட்டாள். புத்தகத்துக்கு ஒரு வகை என்று இல்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகள் எங்களிடம் நிறைய வருகிறார்கள். அவர்கள் எதுவும் படிப்பதில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். கல்யாணப் பத்திரிகை, விதைப் பாக்கெட், ரேஷன் கடைப் பலகை, பஸ் நிலையத்து நேர அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் அவர்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. இவற்றைச் சேகரித்து வரச் சொல்லி, முதல் வரியை மட்டும் உரக்கப் படித்து, அடுத்து என்ன வரும் என்று கேட்போம். "நிகழும் மங்களகரமான" என்றதுமே மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட வரிசையாகச் சொல்லும். "தேவையான பொருள்கள்" என்றால் அடுத்து அளவு வரும். "ஒரு ஊரில்" என்றால் யாரோ ஒருவர் வருவார், அவருக்கு ஏதாவது ஆகும். வகையைப் பற்றிய அறிவு பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

செம்மண் வட்டாரம்

முதல் வரி விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், "நிகழும் மங்களகரமான" என்பதும் அடையாளம்தானே? நான் சொன்னதும் அதுவே. அடையாளத்தைப் பிடித்துத்தான் பிள்ளை அடுத்து வருவதை எதிர்பார்க்கிறது.

நூலகத்திண்ணை

உண்மைதான் ஐயா. அடையாளத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அடையாளத்தைக் கண்டதும் பெயரை எழுதிவிட்டுப் பிள்ளை நின்றுவிடுவதுதான் எனக்குக் கவலை. அடுத்து என்ன வரும் என்று கேட்கும்போது அது படிக்கத் தொடங்குகிறது.

பழைய பாடம்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். இந்த உரையாடலை மகிழ்ச்சியோடு படித்து வருகிறேன். நம் இலக்கண மரபில் இது பழைய கேள்வி. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி (விடுகதை), அங்கதம், முதுசொல் (பழமொழி) என்று ஏழாக வகுக்கிறது. விடுகதையும் பழமொழியும் பாட்டுக்கும் நூலுக்கும் சமமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். இன்று விடுகதையைப் பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போடுகிறோம்.

உரைநடையை அது மேலும் நான்காகப் பிரிக்கிறது. அதில் ஒன்று, "பொருள் மரபு இல்லாப் பொய்ம்மொழி". இதற்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக் கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்பது. ஒருவரிடம் ஒருவர் கேட்டு வழிவழியாக வருவது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இன்று நான்காம் வகுப்பில் நீங்கள் எடுக்கும் அதே பாடம்!

வரி மடங்கினால் பாடல் என்று ஆசிரியை எழுதியிருந்ததற்கு வருகிறேன். அந்த அடையாளம் தமிழுக்குப் பொருந்தாது. நம் முன்னோர் இலக்கணத்தைச் செய்யுளில் எழுதினார்கள், மருத்துவத்தைச் செய்யுளில் எழுதினார்கள், கணக்கையும் செய்யுளில்தான் எழுதினார்கள். வரி மடங்கி எதுகை மோனையோடு வந்தாலும் அது சுவைக்க மட்டுமே எழுதியது என்று கொள்ள முடியாது. மனப்பாடம் செய்து கைக்கொள்ள வேண்டிய செய்முறையாகவும் இருக்கலாம். கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணிக்கை அறிய ஒரு வெண்பா உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணு, அதை ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு, கிடைப்பது சுளைக் கணக்கு என்பது அதன் பொருள். உருவத்தில் அது வெண்பா. வேலையிலோ செய்முறை. பண்ருட்டியில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்காமல் இருக்கலாமா அம்மா?

இரு பெண்களின் தாய்

நான் ஆசிரியை அல்ல. கோவையில் இருக்கிறேன், என் பெரிய மகள் நான்காம் வகுப்பு. இந்த இழையைப் பார்த்ததும் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அவள் வகுப்பில் எழுத்துகளை "உண்மை", "கற்பனை" என்று இரண்டு பெட்டிகளாகப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கினாள். செய்தித்தாள் உண்மை, சிறுவர் மலர்க் கதை கற்பனை, அதுவரை நன்றாகத்தான் இருந்தது. ஆடி வெள்ளியன்று என் மாமியார் எங்கள் ஊர் மாரியம்மன் அந்த எல்லையில் வந்து அமர்ந்த கதையைச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. மகள் உடனே, "பாட்டி, இது கற்பனைப் பெட்டி" என்று சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். பிள்ளையைக் கண்டிக்க எனக்கு மனம் இல்லை, பள்ளியில் கற்றதைத்தானே செய்தாள். ஆனால் அத்தையின் முகத்தையும் மறக்க முடியவில்லை. இதற்கு என்ன பெட்டி?

பழைய பாடம்

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது. இரண்டு பெட்டிகளோடு நிறுத்தியதால் வந்த வலி இது. ஊர்த் தெய்வத்தின் கதை செய்தி அல்ல; யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து புனைந்ததும் அல்ல. ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிவருவது அது. அதைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. யார் சொல்கிறார்கள்? எந்த நாளில் சொல்கிறார்கள்? சொல்லி முடித்ததும் என்ன செய்கிறார்கள்? ஆடியில் கூழ் ஊற்றும்போது சொல்வதற்கும் தை மாதத்தில் சும்மா சொல்வதற்கும் வேறுபாடு உண்டா? ஒன்பது வயதுப் பிள்ளை இந்தக் கேள்விகளைத் தாராளமாகக் கேட்கும். பாட்டியும் மகிழ்ந்து பதில் சொல்வார்.

நூலகத்திண்ணை

ஐயா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உண்மை, கற்பனை என்ற பெயர்களையே பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. கற்பனைக் கதைக்குள் மெய்யான ஊர் வருகிறது, மெய்யான பசி வருகிறது. பிள்ளைகள் "கற்பனை" என்றால் பொய் என்றும், பொய் என்றால் கெட்டது என்றும் படிப்படியாக இறங்கிவிடுகிறார்கள். அதன்பின் கதைப் புத்தகத்தின் மேல் மதிப்புப் போய்விடுகிறது.

செம்மண் வட்டாரம்

இங்கே நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் கரைத்துவிட்டால், பொய்ச் செய்தியைப் பிள்ளை எப்படி அடையாளம் காணும்? தலைப்பு, ஊர்ப் பெயர், தேதி எல்லாம் வைத்து அசல் செய்தி போலவே வாட்ஸ்அப்பில் வருகிறது. குளிர்பானத்தில் இது கலந்திருக்கிறது, அந்த இலையை அரைத்துக் குடித்தால் இந்த நோய் தீரும் என்று குடும்பக் குழுக்களில் வருவதை முதலில் உரக்கப் படித்துக் காட்டுபவர்கள் பிள்ளைகள்தான். உண்மையா என்று கேட்கும் பழக்கத்தை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கரும்பலகை

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். இரண்டு வேலைகளைச் செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் மழைத்துளி. யாழ்ப்பாண ஆசிரியை சொன்னபடி வினைகளை மாற்றச் சொன்னேன். நிற்கும் வரிக்குப் பச்சைப் பென்சில், விழும் வரிக்குச் சிவப்புப் பென்சில். ஆவியானது, குளிர்ந்தது, தூசியைப் பற்றியது எல்லாம் பச்சையாயின. "கூட்டாளிகளோடு பேசிச் சிரித்தேன்", "முந்திரித் தோப்பில் விழுந்தேன்" இரண்டும் சிவப்பு. முன்பு சண்டையிட்ட இரு கட்சியினரும் ஒரே தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்படியானால் எழுதியவர் எதற்குத் துளியைப் பேச வைத்தார்?" என்று கேட்டான். எனக்கு இந்தக் கேள்வி விடைக் குறிப்பைவிடப் பெரியது. பேச வைத்ததால் வரிசை மறக்காது என்றாள் ஒருத்தி. பேச வைக்காவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன் என்றான் இன்னொருவன். எழுதியவரின் நோக்கத்தைப் பற்றி இவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது பலாப்பழம். ஒரு பிள்ளையின் தாத்தா தோப்பிலிருந்து பழுத்த பழம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வெண்பாவைப் பலகையில் எழுதி, பொருள் சொல்லாமல் மூன்று முறை படித்தோம். பாடல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு "எண்ணி", "பெருக்கி" என்ற இடங்களில் கோடிட்டதும், "டீச்சர், இது சமையல் குறிப்பு மாதிரி வேலை சொல்கிறது" என்றார்கள். முள் எண்ணத் தொடங்கியதும் பெரிய தகராறு. காம்பை ஒட்டிய முதல் வளையத்தை மட்டும் எண்ணுவதா, அடுத்த வளையத்தையும் சேர்ப்பதா? ஆளுக்கொரு எண் சொன்னார்கள். பழத்தை வெட்டிச் சுளையை எண்ணியபோது எந்தக் கணக்கும் அப்படியே ஒத்துவரவில்லை. சில கணக்குகள் அருகில் வந்தன, சில தொலைவில் நின்றன. "அப்படியானால் பாட்டு பொய்யா?" என்று உடனே கேட்டார்கள். ஆமை முயலை வென்றதா என்று ஏன் நாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று திருப்பிக் கேட்டேன். அது எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை, இது சொல்கிறது என்றார்கள். தாத்தாவிடம் இன்னொரு பழம் கேட்கலாம் என்றும் முடிவாயிற்று.

செம்மண் ஐயாவுக்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. உண்மையா என்ற கேள்வியை நான் விடவில்லை. அதைக் கேட்கத் தகுந்த எழுத்து எது என்று பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டும். "இந்த இலை நோயைத் தீர்க்கும்" என்பது வினையிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது: எப்போதும் நடக்கும் என்று வாக்களிக்கிறது. வாக்களிக்கும் எழுத்திடம் சாட்சி கேட்க வேண்டும். யார் சொன்னது, எப்போது, எங்கே சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். பாட்டி சொல்லும் மாரியம்மன் கதை நம்மிடம் அந்த வாக்கைக் கொடுத்து எதையும் வாங்கச் சொல்லவில்லை, குடிக்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கேள்வியால் அளக்கும்போதுதான் ஒரு பக்கம் பாட்டி புண்படுகிறார், மறு பக்கம் வாட்ஸ்அப் தப்பித்துக்கொள்கிறது.

இரு பெண்களின் தாய்

டீச்சர், நன்றி. மகளைப் பாட்டியிடம் அனுப்பி, பழைய பாடம் ஐயா சொன்ன கேள்விகளைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். எழுதியதன் தொடக்கத்தில், "எங்கள் பாட்டிக்கு அவருடைய மாமியார் சொன்னது" என்று தானாகவே போட்டிருக்கிறாள். பாட்டி இப்போது கருப்பராயன் கதையையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்.

தரம் நான்கு

அந்த ஒரு வரியே போதும், அவள் வகையைப் புரிந்துகொண்டுவிட்டாள். யாரிடமிருந்து கேட்டது என்று சொல்வதுதான் வாய்மொழிக்கு உரிய நேர்மை.

நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வகைகளைப் பிரித்துப் பார்ப்பது எழுதும்போதுதான் உறுதிப்படுகிறது. 1980களிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ரோதரி முதலானோர் வளர்த்த முறை ஒன்று உண்டு: முதலில் ஒரு மாதிரியைச் சேர்ந்து படித்துப் பிரித்துப் பார்ப்பது, பிறகு ஆசிரியரும் மாணவரும் கூடி அதே வகையில் ஒன்றை எழுதுவது, அதன் பின்னர் மாணவர் தனியே எழுதுவது. நடுப்படி மிக முக்கியம். நம் வகுப்புகளில் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். ஆமை முயல் பந்தயத்தைப் பத்திரிகைச் செய்தியாக மாற்றும் வேலையை இப்படிக் கூடிச் செய்தோம். முதல் வரியிலேயே ஆமை வென்றது என்று எழுத வேண்டும் என்றதும் வகுப்பில் பெரிய எதிர்ப்பு. "முடிவை முதலிலேயே சொன்னால் யார் படிப்பார்கள்?" என்றார்கள். அன்றைய சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் விரித்துப் போட்டு நீங்களே பாருங்கள் என்றேன். ஒவ்வொரு செய்தியும் முடிவில் தொடங்குவதைக் கண்டதும் சிலர் கதைகளையும் அப்படித் தொடங்க முடியுமா என்று முயன்றார்கள். ஒருவன் நன்றாகவே எழுதினான்.

செம்மண் வட்டாரம்

பெயரும் அடையாளமும் முதலில் என்ற என் நிலையை நான் முழுதாக விடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது இன்னும் தேவை. ஆனால் வினையை மாற்றும் சோதனையை அந்தப் பிள்ளைகளும் காதால் கேட்டே செய்ய முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசித்துக் காட்டுவது ஆசிரியராக இருக்கலாம், நிற்கிறதா விழுகிறதா என்று சொல்ல எழுத்துத் தேவையில்லை.

டீச்சர், அடுத்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் இதை வைக்க நினைக்கிறேன். பச்சை, சிவப்புப் போட்ட தாள்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடுங்கள். விடைக் குறிப்பில் என்ன மாற்றம் வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கரும்பலகை

அனுப்புகிறேன் ஐயா. விடைக் குறிப்புக்கு நான் எழுதியது: "கதை என்று எழுதினாலும் சரி, அறிவியல் கட்டுரை என்று எழுதினாலும் சரி. அப்படிச் சொல்ல வைத்த வரியை எடுத்துக் காட்டினால் இரண்டு மதிப்பெண்; வகையின் பெயரை மட்டும் எழுதினால் ஒன்று." ஆறாவது பத்திக்கு மட்டும் இது போதாது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மற்ற ஐந்துக்கும் வரியைக் காட்டச் சொல்லி எழுதிக்கொடுங்கள் என்கிறார்கள். அப்படியே சேர்த்து அனுப்புகிறேன்.